முகூர்த்த நாளும் முதல் ஆர்டரும்: நிகழ்ச்சிப் புகைப்படத் தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமரா கையில் இருக்கிறது, படமும் ஓரளவு எடுக்க வருகிறது, ஆனால் பணம் கொடுத்து வேலைக்கு அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை என்று கேட்கும் இளைஞர்கள் பலர். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, தம் பெயருக்குப் பின்னால் ‘போட்டோகிராபி’ என்று சேர்த்துவிட்டு, கல்யாண வீட்டார் தொலைபேசியில் அழைப்பார்கள் என்று அவர்களில் பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் அப்படித் தொடங்குவது அரிது. முதல் ஓரிரு ஆண்டுகளில் உங்களுக்குச் சம்பளம் தரப்போகிறவர் பெரும்பாலும் இன்னொரு புகைப்படக் கலைஞராகவோ ஸ்டுடியோ உரிமையாளராகவோதான் இருப்பார். அவருடைய தேவை என்ன, அது எந்த நாளில் எழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் வேலை தேடுவது பாதி முடிந்துவிடும்.

நாள்காட்டியை முதலில் எடுங்கள்

வேலை தேடும் முன் ஒரு பஞ்சாங்கத்தையோ வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியையோ எடுத்து, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கான சுபமுகூர்த்த நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் அநேகமாக நடப்பதில்லை. புரட்டாசியையும் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். மீதி மாதங்களிலும் எல்லா நாளும் முகூர்த்த நாளாக இருப்பதில்லை. ஆகவே ஓர் ஊரின் ஆண்டுக் கல்யாணங்கள் குறிப்பிட்ட சில நாள்களில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. வளர்பிறை முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக அமைந்துவிட்டால் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்கமாட்டார், புகைப்படக்காரரும் கிடைக்கமாட்டார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் நான்கு ஆர்டர் எடுத்திருக்கும் ஸ்டுடியோவின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு கல்யாணத்துக்கு டிரெடிஷனல் (சடங்குகளையும் மேடைக்கு வரும் உறவினர்களையும் விடாமல் பதிவுசெய்யும்) புகைப்படத்துக்கு ஒருவர், டிரெடிஷனல் வீடியோவுக்கு ஒருவர், கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும்) படத்துக்கு ஒருவர், சினிமாட்டிக் (சினிமா பாணி) வீடியோவுக்கு ஒருவர் என்று வைத்தால்கூட நான்கு கல்யாணத்துக்குப் பதினாறு பேர் வேண்டும். அத்தனை பேரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள எந்த நடுத்தர ஸ்டுடியோவாலும் முடியாது, ஏனென்றால் மற்ற நாள்களில் அவர்களுக்கு வேலை இருக்காது. குறைகிற ஆள்களை நாள் சம்பளத்துக்கு வெளியிலிருந்துதான் அழைக்க வேண்டும். ஃப்ரீலான்சர் என்பவர் நுழையும் கதவு இதுதான். நீங்கள் விற்கப்போவது உங்கள் திறமையோடு சேர்த்து உங்கள் காலித் தேதியையும் என்று உணர்ந்துகொண்டவர்கள் விரைவில் வேலை பெறுகிறார்கள்.

எந்த வேலைக்கு ஆள் என்பதைத் தீர்மானியுங்கள்

புதியவர்கள் எல்லோருக்கும் கேண்டிட் எடுக்கத்தான் ஆசை. மங்கலான பின்னணியில் மணமகள் சிரிக்கும் படம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஆள் தட்டுப்பாடு பெரும்பாலும் டிரெடிஷனலில்தான் இருக்கிறது, முதல் வேலைக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். மேடைக்கு வந்து பரிசளித்த ஒவ்வொரு உறவினரும் கண்ணை மூடாமல், ஒருவர் தலை இன்னொருவரை மறைக்காமல் படத்தில் இருக்க வேண்டும். தாய்மாமன் மாலை போட்ட படம் இல்லையென்றால் ஸ்டுடியோ உரிமையாளர் பத்து ஆண்டுகளுக்கு அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது. இந்த ஒழுங்கைக் கற்றவருக்குப் பிறகு கேண்டிட் எளிதாக வரும். நேரடியாகக் கேண்டிடில் தொடங்கியவர் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாமல் தடுமாறுவதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது. அனுபவமே இல்லாதவர் சில கல்யாணங்களுக்கு லைட் பிடிப்பவராகவோ உதவியாளராகவோ போவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. சம்பளம் குறைவுதான், ஆனால் மேடையில் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதைவிடச் சிறப்பாகக் கற்றுத்தரும் பள்ளி வேறில்லை.

சடங்குகளைத் தெரிந்துகொள்வதே இத்தொழிலின் உண்மையான பாடம். பிராமணத் திருமணத்தில் காசியாத்திரை, மாலை மாற்றுதல், ஊஞ்சல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக நடந்துவிடும். காசியாத்திரை மண்டப வாசலில் நடக்கும்போது மேடையில் லைட் சரிசெய்துகொண்டிருப்பவர் அதைக் கோட்டைவிட்டுவிடுவார். கொங்குப் பகுதித் திருமணங்களில் சீர்கள் நீண்ட நேரம் நடக்கும், ஒவ்வொரு சீருக்கும் உரிய உறவினர் யார் என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நிக்காஹ்வில் ஒப்புதல் கேட்பதும் கையெழுத்திடுவதும்தான் முக்கியக் கணங்கள். தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு அருகில் செல்லலாம், ஃபிளாஷ் பயன்படுத்தலாமா என்பதைப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ வழிபாடு தொடங்கும் முன் கேட்டாக வேண்டும். கோயிலில் நடக்கும் திருமணமென்றால் படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணச் சீட்டு வாங்க வேண்டுமா, எந்த மண்டபம் வரை கேமரா போகலாம் என்பதை முதல் நாளே கோயில் அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

தாலி கட்டும் கணம் சில நொடிகளில் முடிந்துவிடும், அதே நேரத்தில் உறவினர்கள் எல்லோரும் எழுந்து அட்சதையோடு முன்னால் வருவார்கள், அவர்களில் பாதிப் பேர் கையில் செல்போன் இருக்கும். தாலித் தட்டு பெரியவர்களின் ஆசிக்காகச் சபையில் சுற்றி வரத் தொடங்கியதுமே உங்கள் இடத்தைப் பிடித்துவிடுங்கள். புரோகிதர் கையசைத்துக் கெட்டிமேளம் முழங்கிய பிறகு இடம் தேடினால் யாராவது ஒரு சித்தப்பாவின் முதுகுதான் படத்தில் கிடைக்கும். வீடியோ எடுப்பவர் எந்தப் பக்கம், நீங்கள் எந்தப் பக்கம் என்று அதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வதும் அவசியம்.

பெண் புகைப்படக் கலைஞர்களுக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருப்பதையும் சொல்ல வேண்டும். மணமகள் அலங்கார அறை, நலங்கு, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு விழா, இஸ்லாமியத் திருமணங்களில் பெண்கள் பகுதி ஆகியவற்றுக்குப் பெண்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் ஏராளம், ஆனால் கேட்கும் அளவுக்கு ஆள் இல்லை. உங்களை அறிமுகப்படுத்தும்போது இதை வெளிப்படையாகவே குறிப்பிடுங்கள். இரவுத் தங்கலுக்குத் தனி அறையும் விடியற்காலைப் பயணத்துக்கு வண்டியும் வேண்டும் என்பதை ஆர்டர் ஒப்புக்கொள்ளும்போதே நிபந்தனையாகச் சொல்லிவிடுங்கள்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

கருவியைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள கேமரா, 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், ஒரு 50 அல்லது 85 மி.மீ. லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், தள்ளி வைத்த ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இயக்கும் ஒரு டிரிக்கர், போதுமான பேட்டரிகள் என்ற அளவு போதும். 70-200 போன்ற விலையுயர்ந்த லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். பெரிய நகரங்களில் அதற்கான கடைகள் உள்ளன, ஆனால் பெருமுகூர்த்தத்துக்கு முன்பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது. இரண்டு கார்டு வசதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு கார்டு பழுதானால் போவது திரும்ப நடத்த முடியாத ஒரு கல்யாணம். சில ஸ்டுடியோக்கள் இதைக் கேட்ட பிறகே தேதி கொடுக்கின்றன.

மண்டப விளக்குகள் பற்றி ஒரே ஒரு குறிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் வரி வரியாகக் கோடு விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைத் தவிர்த்து மெக்கானிக்கல் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் தீரும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் நிகழ்ச்சி தொடங்கும் முன் சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

காட்டுவதற்குப் படங்கள் சேர்த்தல்

உறவினர் வீட்டுக் காதணி விழா, நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா, தெரிந்தவர் வீட்டு வளைகாப்பு போன்ற சிறு நிகழ்ச்சிகளை எடுத்துப் பழகுங்கள். பயணச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்தாலும் பாதகமில்லை. ஆனால் யாருடைய கல்யாணத்தையும் இலவசமாக, அதுவும் தனி ஆளாக, எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் வாங்காததால் பொறுப்பு குறைந்துவிடாது. கெட்டுப்போனால் உறவும் கெடும்.

ஸ்டுடியோக்காரருக்குக் காட்ட, பல நிகழ்ச்சிகளிலிருந்து பொறுக்கிய நாற்பது அழகான படங்களைவிட ஒரே நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் பந்தி வரை சொல்லும் நாற்பது படங்களே பயன்படும். ஒரு நல்ல படம் எவருக்கும் தற்செயலாக அமையலாம் என்பது அவருக்குத் தெரியும். விளக்கு மோசமாக இருந்த இடத்தில் என்ன செய்தீர்கள், குழுப் படத்தில் கடைசி வரிசை தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார்.

இந்த இடத்தில் சட்டம் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர் ஆவார். ‘நான் எடுத்த படம், நான் போடுவேன்’ என்ற வாதம் இங்கே செல்லாது. ஸ்டுடியோவுக்காக எடுத்தால் ஸ்டுடியோவிடமும், நேரடி ஆர்டர் என்றால் குடும்பத்தாரிடமும், எத்தனை படங்களை எங்கே வெளியிடலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் ஒரு வரி இருந்தாலும் வாய்வார்த்தையைவிட மேல்.

ஸ்டுடியோக்களை அணுகுதல்

உங்கள் ஊரைச் சுற்றி ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள ஸ்டுடியோக்களின் பட்டியலைத் தயாரியுங்கள். முகூர்த்தம் இல்லாத வார நாளில், முற்பகலில் நேரில் போங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் போனால் யாருக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது. பல மாவட்டங்களில் புகைப்படக் கலைஞர்கள் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினராவது பயன் தரும். தேதிக்கு ஆள் தேடும் வாட்ஸாப் குழுக்களில் சேர்வதற்கும் அந்தப் பழக்கமே வழி திறக்கும். நேரில் பார்த்துவிட்டு வந்ததும் சுருக்கமாக ஒரு செய்தி அனுப்புங்கள். அது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“வணக்கம் அண்ணா. இன்று காலை கடையில் சந்தித்தேன். ஊர் திண்டுக்கல். டிரெடிஷனல் போட்டோ எடுப்பேன். இரண்டு கார்டு போடும் கேமரா, 24-70, 85, இரண்டு ஃபிளாஷ் சொந்தமாக இருக்கின்றன. ஆவணி முகூர்த்தங்களில் எனக்குக் காலியாக உள்ள தேதிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஒரு வளைகாப்பின் முழுப் படங்களும் இந்த இணைப்பில் உள்ளன. லைட் பிடிக்க ஆள் வேண்டுமென்றாலும் வருகிறேன்.”

இதில் பெருமைப் பேச்சு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் குறையும் நேரத்தில் அவர் தேடுவது ஊர், கருவி, தேதி ஆகிய மூன்றைத்தான். குழுவில் ‘நாளை மறுநாள் பழனிக்கு ஒருவர் தேவை’ என்று செய்தி வந்தால் சில நிமிடங்களுக்குள் விலையோடு பதில் சொல்பவருக்கே அந்த வேலை போகும்.

முதல் முறை அழைக்கப்படுவது தேதியால். இரண்டாம் முறை அழைக்கப்படுவது நடத்தையால். இன்னொரு ஸ்டுடியோவின் ஆர்டருக்குப் போன இடத்தில் உங்கள் விசிட்டிங் கார்டை விருந்தினருக்குக் கொடுக்கக் கூடாது. ‘அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம், நீங்களே வந்து எடுத்துத் தர்றீங்களா தம்பி?’ என்று மணமகளின் அண்ணன் கேட்டால், ஸ்டுடியோ உரிமையாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடமும் தகவலைச் சொல்லிவிடுங்கள். அந்த ஓர் ஆர்டர் கை நழுவியதுபோலத் தோன்றும். ஆனால் வாடிக்கையாளரைத் தட்டிப் பறிப்பவர் என்ற பெயர் ஒரு மாவட்டம் முழுவதும் பரவ ஒரே ஒரு வாட்ஸாப் செய்தி போதும்.

சம்பளம் பேசுதல்

தொகையைச் சொல்வதற்கு முன் ‘ஒரு நாள்’ என்றால் என்ன என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் வரவேற்பு பெரும்பாலும் முதல் நாள் மாலையிலும், முகூர்த்தம் மறுநாள் விடியற்காலையிலும் நடக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்து, இரவு பதினொன்றுக்கு வரவேற்பு முடிந்து, நான்கரை மணி முகூர்த்தத்துக்காக மூன்று மணிக்கே எழுந்து, மறுநாள் பிற்பகலில் வெளியே வருபவருக்கு அதை ஒரு நாள் என்று கணக்கிடுவதா, இரண்டு நிகழ்ச்சி என்று கணக்கிடுவதா? வேலை முடிந்த பிறகு இதைக் கேட்டால் சண்டைதான் வரும். பயணச் செலவு, தங்குமிடம், கூடுதல் மணி நேரத்துக்கு என்ன தொகை, படங்களைத் தேர்ந்து கொடுக்க வேண்டுமா, பணம் வேலை முடிந்த அன்றே வருமா, ஒரு வாரத்திலா என்பவற்றையும் சேர்த்தே பேசிவிட வேண்டும்.

சந்தை விலை ஊருக்கு ஊர் மாறும்; அதை மூன்று நான்கு ஃப்ரீலான்சர்களிடம் விசாரித்தே தெரிந்துகொள்ள முடியும். உங்கள் சொந்தக் கணக்கை மட்டும் நீங்களே போட வேண்டும். சோனி ஏ7 மார்க் 3 போன்ற ஒரு கேமராவின் ஷட்டர் சுமார் 2,00,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து 4,000 படங்கள் எடுப்பவருக்கு அது 50 கல்யாணங்களில் தீர்ந்துவிடும். ஆகவே கேமரா விலையில் ஐம்பதில் ஒரு பங்கு, ஒவ்வொரு கல்யாணத்திலும் உங்களுக்கே தெரியாமல் செலவாகிக்கொண்டிருக்கிறது. இந்தத் தேய்மானத்தையும் வாடகையையும் பெட்ரோலையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சம்பளம். மிஞ்சவில்லையென்றால் அந்த விலைக்குப் போகாதீர்கள்.

வேலை நாளில்

ஒரே நிகழ்ச்சியில் மூன்று கேமராக்கள் இருந்தால் மூன்றின் கடிகாரங்களையும் நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆல்பம் வடிவமைப்பவர் மாலை மாற்றிய பிறகு ஊர்வலம் வருவதுபோல் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களை வரிசைப்படுத்தியே களைத்துப்போவார். ரா கோப்பா ஜேபெக்கா, கேமராவின் வண்ண அமைப்பு என்ன என்பதை அந்த ஸ்டுடியோவின் பழக்கப்படியே வையுங்கள். முடிந்ததும் படங்களை ஸ்டுடியோவின் மடிக்கணினியில் ஏற்றி, எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று இருவரும் பார்த்து, ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரு செய்தியும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்துவிட்டார்கள் என்று உறுதியாகும்வரை உங்கள் கார்டை அழிக்காதீர்கள்.

ட்ரோன் இயக்கத் தெரியும் என்று ஆர்வத்தில் சொல்லிவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக இயக்குபவரிடம் தொலை விமானிச் சான்றிதழ் (ரிமோட் பைலட் சர்டிஃபிகேட்) இருக்க வேண்டும். கருவியைப் பதிவுசெய்து அடையாள எண் பெறுவதும், பறக்கும் பகுதி தடை செய்யப்பட்டதா என்று வரைபடத்தில் பார்ப்பதும் அதைத் தவிர உள்ள கடமைகள்.

நேரடி ஆர்டர் வரும்போது

ஓராண்டுக்குப் பின் உங்கள் பெயர் கேட்டு யாராவது அழைப்பார்கள். அப்போது ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, மண்டபம், படமெடுக்க எத்தனை பேர் வருவார்கள், ஆல்பத்தின் அளவு, எத்தனை தாள்கள், எந்தத் தவணையில் பணம், நிகழ்ச்சி தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும். இத்தொழிலில் பணம் சிக்கும் இடம் பெரும்பாலும் ஆல்பம்தான். ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்லும் குடும்பத்தார், மணமக்கள் வெளியூர் போய்விட்டதால் மாதக்கணக்கில் தராமலே இருந்துவிடுவார்கள், மீதித் தொகையும் அதோடு நின்றுவிடும். ஆகையால் ஆல்பச் செலவுக்கான பங்கை மட்டும் நிறுத்திவைத்து, மற்றதையெல்லாம் கல்யாண நாளுக்குள் வாங்கிவிடுவதும், படத் தேர்வுக்கு ஒரு கெடு வைப்பதும் அவசியம். கூகுளில் இலவசமாகத் தொழில் பக்கம் தொடங்கி, நிறைவடைந்த குடும்பத்தாரை அதில் கருத்து எழுதச் சொல்லலாம். இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் இப்போதுதான் உண்மையான பயன் உண்டாகும், ஏனென்றால் அதில் காட்டுவதற்கு முழுக் கல்யாணங்கள் இருக்கும்.

நிறுவன நிகழ்ச்சிகளும் கல்யாணமில்லா மாதங்களும்

நிறுவனங்களின் ஆண்டுவிழா, விற்பனையாளர் கூட்டம், புதுப்பொருள் அறிமுகம் ஆகியவற்றுக்கு முகூர்த்தம் பார்ப்பதில்லை என்பதால் இவை உங்கள் நாள்காட்டியின் வெற்றிடங்களை நிரப்பும். நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனங்கள் வழியாகவே பெரும்பாலும் வேலை வரும். இங்கே சடங்கு அறிவு தேவையில்லை. பேச்சாளரின் வாய் திறந்து கோணாத படமும், அன்று மாலையே கையில் கிடைக்கும் பத்துப் பதினைந்து படங்களும்தான் வேண்டும். ஆனால் பணம் தாமதமாக வரும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் வரை வரி பிடித்துக்கொள்வார்கள் என்பதால் நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியலிலேயே (இன்வாய்ஸ்) அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவுசெய்வதற்குக் கட்டணம் கிடையாது. வேலையை ஏற்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, அவ்வாறு பதிந்த குறு, சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் உண்டு. நினைவூட்டல் கடிதத்தில் இச்சட்டத்தைப் பணிவாகக் குறிப்பிட்டாலே பல கணக்குப் பிரிவுகள் விழித்துக்கொள்ளும்.

ஆடியிலும் மார்கழியிலும் கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்களும், பஞ்சாங்கம் பார்க்காத சுயமரியாதைத் திருமணங்களும் நடக்கும், ஆனால் கத்தோலிக்கரின் தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும் ரமலான் மாதத்தையும் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள், மார்கழியில் சென்னைச் சபாக்களின் இசை, நாட்டியக் கச்சேரிகள், அதையடுத்துப் பள்ளி ஆண்டுவிழாக்கள், கல்லூரிக் கலைவிழாக்கள் என்று தேடினால் வேலை உண்டு. சபா கச்சேரிகளை எடுக்க அமைப்பாளரிடம் முன் அனுமதி வேண்டும், ஃபிளாஷ் போடவே கூடாது. சென்சார் சுத்தம் செய்வது, ஃபிளாஷ் பழுது பார்ப்பது போன்றவற்றையும் இந்த மாதங்களில் முடித்துவிடுங்கள். ஸ்டுடியோக்காரர்களுக்கும் அப்போதுதான் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். ஆவணிக்கும் தைக்கும் உங்களிடம் காலியாக உள்ள தேதிகளின் பட்டியல், ஆடியும் மார்கழியும் பாதி கழிவதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும்.